பாறைக்குழியைத் தொழிற்கழிவு பைண்டரால் நிரப்புவது: கொங்கு நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் குழிக்கும் பஞ்சமில்லை, அதில் போடுவதற்குக் கழிவுக்கும் பஞ்சமில்லை. சேலம் மாமாங்கம், கருப்பூர் பக்கம் மேக்னசைட் வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. சங்ககிரியிலும் மதுக்கரையிலும் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் எடுத்த சுரங்கங்கள். திருப்பூர், கரூர் வட்டாரத்தில் ஜல்லிக்கு உடைத்துவிட்டு அப்படியே விட்ட பாறைக்குழிகள். கழிவுப் பக்கம் பார்த்தால், மேட்டூர் அனல் மின் நிலையத்தின் சாம்பல், மேச்சேரி அருகே பொட்டனேரி இரும்பாலையின் ஊதுலைக் கசடு (இரும்பு உருக்கும்போது ஒதுங்கும் கழிவு), புகளூர் காகித ஆலையின் சுண்ணாம்புச் சேறு, கோவை ஃபவுண்டரிகளின் பழைய மணல், காங்கேயம் அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல். இரண்டையும் சேர்த்துவிட்டால் இரண்டு தொல்லையும் ஒழியும் என்று யாருக்கும் தோன்றும்.

ஒழியும்தான். ஆனால் சேர்க்கிற விதத்தில் இருக்கிறது. வெறும் சாம்பலை டிப்பரில் கொண்டுவந்து குழியில் கவிழ்ப்பது நிரப்புதல் அல்ல. முதல் மழையிலேயே அது சேறாகும், கோடையில் புழுதியாகப் பறக்கும், நடுவில் கரைந்து அக்கம்பக்கத்துக் கிணற்றுக்குள் போகும். அதைக் கட்டியாக இறுகவைக்க ஒரு பைண்டர் வேண்டும். சிமென்ட் மூட்டை வாங்காமல் பெரும்பாலும் கழிவுகளிலிருந்தே அந்தப் பைண்டரைச் செய்து, குழியை நிரப்பி, பிறகும் கண்காணிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. கல்குவாரி வைத்திருப்பவர், சுரங்கத்தில் வேலை பார்க்கும் பொறியாளர், ஊராட்சியில் இது குறித்துக் கேள்வி கேட்க வேண்டியிருப்பவர் எல்லோருக்கும் பயன்படும்.

1. நிரப்பத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

நம் பகுதி கடும்பாறை நாடு. நைஸ், சார்னோக்கைட் போன்ற பாறைகளுக்குள் தண்ணீர் பரவலாக ஊறாது. வெடிப்பு வழியாகத்தான் ஓடும். அதனால் ஒரு குழியில் போட்டது பக்கத்துத் தோட்டத்தில் தென்படாமல், மூன்று தோட்டம் தள்ளி ஒரு போர்வெல்லில் வந்து நிற்கலாம். குழியின் பக்கச்சுவரில் கசிவுத் தடம் எங்கே இருக்கிறது, எந்தத் திசை வெடிப்பு என்று நிலவியலாளர் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

குழியில் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, அதை ஆடு மாடு குடிக்கிறது, சுற்றியுள்ள கிணறுகளுக்கு அதிலிருந்துதான் ஊற்று என்றால், என் கருத்தில் அந்தக் குழியை நிரப்பக்கூடாது. வேலி போட்டு நீர்நிலையாக விடுவதே நல்லது. பள்ளமாகக் காய்ந்து கிடப்பது, சாலைக்கோ வீட்டுக்கோ ஒட்டிச் சரிந்துகொண்டிருப்பது, குப்பைமேடாக மாறிக்கொண்டிருப்பது ஆகியவைதான் நிரப்பத் தகுந்தவை.

முடிவெடுத்த அன்றே சுற்றுவட்டாரக் கிணறு, போர் ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்து வையுங்கள். பி.எச். (கார, அமில அளவு), டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), சல்பேட், குளோரைடு, குரோமியம், ஆர்சனிக், செலினியம், போரான் கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் யாராவது "உங்க சாம்பல்தானுங்க எங்க தண்ணியக் கெடுத்துச்சு" என்று வந்தால், இருவருக்கும் நியாயம் சொல்லப்போவது இந்த முதல் அறிக்கைதான். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப்போனதை இந்தப் பக்கத்து விவசாயி மறக்கவில்லை. அவருக்குச் சந்தேகம் வருவதில் தப்பே இல்லை.

2. அனுமதி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாம்பல் பயன்பாட்டுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 31 டிசம்பர் 2021 அறிவிக்கை இருக்கிறது. தாழ்வான நிலத்தையும் கைவிட்ட குழிகளையும் சாம்பலால் நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும். சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு போன்றவை 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வரும். அவற்றைப் பயன்படுத்த விதி 9-இன் கீழ் தனி அங்கீகாரம் தேவை. குத்தகை உள்ள சுரங்கமானால் மூடல் திட்டத்தில் நிரப்பும் முறை எழுதப்பட்டிருக்க வேண்டும். நிலம் பட்டாவா, புறம்போக்கா என்று கனிம வளத்துறையிலும் வருவாய்த் துறையிலும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நிலத்தடிச் சுரங்கம் என்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககமும் சேர்ந்துகொள்ளும்.

3. எவ்வளவு பலம் வேண்டும்

இங்கேதான் கட்டடப் பொறியாளர்கள் தடுமாறுவார்கள். எம் 20, எம் 25 என்று கான்கிரீட் தரத்திலேயே பழகிய கை அல்லவா. குழி நிரப்புக்கு அதெல்லாம் தேவையே இல்லை. திறந்த பாறைக்குழியை நிரப்பி மேலே மண் போட்டு மரம் வைக்கப் போகிறீர்கள் என்றால் 0.3 மெகாபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ தாங்கும் பலம், தாராளம். பிறகு எப்போதாவது ஜேசிபியால் தோண்டவும் முடியும். மேலே கனரக வண்டி ஓடும் பாதை வரும் என்றால் 1 மெகாபாஸ்கல் வரை போங்கள்.

நிலத்தடிச் சுரங்கத்தில் கணக்கு வேறு. அங்கே ஓர் அறையை நிரப்பி இறுகியபின் அடுத்த அறையை வெட்டுவார்கள். அப்போது நிரப்பின் ஒரு முகம் தாங்கலின்றி நிற்க வேண்டும். எளிய கணக்கு ஒன்று உண்டு. நிரப்பின் ஒரு கன மீட்டர் எடையை உயரத்தால் பெருக்கி, அதை '1 கூட்டல் உயரத்தை நீளத்தால் வகுத்தது' என்பதால் வகுக்க வேண்டும். 20 கிலோநியூட்டன் (சுமார் 2 டன்) எடை, 30 மீட்டர் உயரம், 15 மீட்டர் நீளம் என்றால் 600-ஐ 3-ஆல் வகுத்து 200 கிலோபாஸ்கல். பாதுகாப்புக்கு 1.5 மடங்கு வைத்தால் 300. அதாவது 0.3 மெகாபாஸ்கல்தான்! பத்து மாடி உயரச் சுவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். பக்கத்துப் பாறைச் சுவர்களின் பிடிமானமும் சுமையில் பங்கெடுப்பதால்தான் இது சாத்தியம்.

நம் பகுதிச் சுரங்கங்கள் பெரும்பாலும் திறந்தவெளிதான். நிலத்தடி வேலையை நம் ஆட்கள் அதிகம் பார்த்தது கோலார் தங்கவயலில். 2001-இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தில் கிரானைட் கற்களை அடுக்கிச் சுவராக்கித்தான் வெட்டிய இடத்தைத் தாங்கவைத்தார்கள்.

4. சரக்கை அடையாளம் காண்பது

இந்த வேலையின் பாதி வெற்றியும் முக்கால் தோல்வியும் இந்தக் கட்டத்தில்தான். ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கும் ஊர் இது.

சாம்பலில் இரண்டு வகை. கொதிகலனின் புகைவழியில் மின்வடிகட்டி பிடிக்கும் உலர் சாம்பல் பல்கர் என்ற மூடிய தொட்டி லாரியில் வரும். மாவு போல நைஸாக இருக்கும். குளத்தில் தண்ணீரோடு கொட்டியது குளத்துச் சாம்பல். அது பருபருவென்று இருக்கும், வினைபுரியும் தன்மை குறைவு. உலர் சாம்பலைப் பைண்டரில் சேர்க்கலாம், குளத்துச் சாம்பலை மணலுக்குப் பதில் நிரப்பியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 3812 என்ற இந்தியத் தரத்தின்படி 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எரிப்பு இழப்பு, அதாவது சூடாக்கும்போது எரிந்து குறையும் எடை, 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மேட்டூர்ச் சாம்பல் நிலக்கரியில் வந்தது, சுண்ணாம்பு குறைவு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலை வைத்து யாரோ செய்த கலவையை இதற்கு அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

கசடிலும் இரண்டு. உருகிய ஊதுலைக் கசடைத் தண்ணீரில் பாய்ச்சி உடனே குளிரவைத்தால் கண்ணாடித் தன்மையோடு மணல் போன்ற மணிகள் வரும். அதுதான் நமக்கு வேண்டியது. தானாக ஆறவிட்டது கல்லாகிவிடும், ஜல்லிக்குத்தான் ஆகும். மணிகளாக வந்ததையும் அப்படியே போட்டால் மணல்தான். கிராமுக்கு 3500 முதல் 4000 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு வரும்வரை, உருண்டைகள் போட்டுச் சுழற்றும் பால் மில்லில் (ball mill) அரைக்க வேண்டும். அரைத்ததைக் கடைக்காரர்கள் ஜிஜிபிஎஸ் என்பார்கள். அதற்கு ஐ.எஸ். 16714 பொருந்தும். கண்ணாடித் தன்மை 85 சதவீதமாவது இருக்கிறதா என்று சான்றிதழில் பாருங்கள்.

துருப்பிடிக்காத எஃகு செய்யும் உலையின் கசடு வேறு சாதி. அதில் குரோமியம் இருக்கும். சில வகை ஆறும்போதே பருத்துப் பொடியாகிவிடும். பார்க்க நைஸான வெள்ளைப் பொடி, அரைக்கும் செலவும் இல்லை என்று ஆசை காட்டும். தொடாதீர்கள்.

சுண்ணாம்புதான் எல்லாவற்றிலும் ஏமாற்றுவது. அசிட்டிலீன் வாயு தயாரிக்கும் ஆலைகளில் கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தபின் மிஞ்சும் சாம்பல் நிறச் சேறு கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. 64 கிலோ கார்பைடுக்கு 74 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். கசடை உசுப்பிவிட இது அருமையான சரக்கு. காகித ஆலைச் சுண்ணாம்புச் சேறோ பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் ஒழிய அது வினைபுரியாது. புகளூர் ஆலை தன் சேற்றிலிருந்து சிமென்ட்டே செய்கிறது. ஆனால் சூளையில் சுட்டுத்தான். நாம் சுடாமல் போட்டால் அது வெறும் தூள்.

எது எது என்று பிரிக்க ஒரு துளி ஆசிட் போதும். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள். பொங்கி நுரைத்தால் கார்பனேட். அவ்வளவாகப் பொங்காமல் கரைந்தால் ஹைட்ராக்சைடு. கார்பைடு சேற்றையும் மாதக்கணக்கில் வெளியே போட்டுவைத்தால் காற்றுப்பட்டுக் கார்பனேட்டாகிவிடும். ஆகவே புதுச் சேறாக வாங்குங்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அதில் மிச்ச வாயு வெளியேறும், பூண்டு வாடை அடிக்கும்; மூடிய கொட்டகையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பீடி பற்றவைக்கக்கூடாது.

ஜிப்சத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், கடலைக்காட்டுக்குப் போடும் ஜிப்சமே ஆகும். சுத்தம் எவ்வளவு என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கோவை ஃபவுண்டரிப் பழைய மணலில் பெண்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்தது பரவாயில்லை, நிரப்பியாகப் போடலாம். பிசின் சேர்த்து இறுக்கிய மணல் என்றால் ஃபீனால் கசியுமா என்று பார்த்தபின் போடுங்கள். உமிச் சாம்பலில் சிலிக்கா 85 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். ஆனால் அரிசி ஆலைக் கொதிகலனில் எரிந்தது பாதி கறுப்பாக, கரியோடு வரும், தண்ணீரைக் குடித்துவிடும். மேட்டூரில் அலுமினா எடுத்த காலத்துச் சிவப்புச் சேற்றில் காரம் அதிகம். அது கசடை உசுப்பும்தான், வனேடியம் போன்றவற்றையும் கூடவே விடும். கிணறு அருகே இருந்தால் நான் அதை எடுக்கமாட்டேன். சாயப்பட்டறைச் சேற்றையும் அப்படியே. அதிலுள்ள சல்பேட்டும் உப்பும் கலவையையும் கெடுக்கும், 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன விவகாரத்தைக் குழிக்குள் புதைத்து மறைக்கிறீர்கள் என்ற பேச்சும் வரும்.

5. பைண்டர் கலவை

வேலை செய்யும் விதம் இது. கசடின் கண்ணாடிக்குள் சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா எல்லாம் இருக்கின்றன; ஆனால் தண்ணீர் பட்டால் மேலே ஒரு படலம் மூடிக்கொண்டு வினை நின்றுவிடும். சுண்ணாம்பின் காரம் அந்தப் படலத்தை உடைக்கிறது. ஜிப்சத்தின் சல்பேட் அலுமினாவோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாகி முதல் பிடிப்பைக் கொடுக்கிறது. அதன் இடுக்குகளைச் சிலிக்கேட் பசை மெல்ல நிரப்புகிறது. சுண்ணாம்பு கூடினால் பலம் ஏறும் என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் குறையும். ஜிப்சம் மீறினால் இறுகியபின் பருத்து வெடிக்கும்.

தொடங்க நல்ல அளவு, நூற்றுக்கு: அரைத்த கசடு 75, ஜிப்சம் 15, கார்பைடு சுண்ணாம்பு உலர் எடையில் 10. கசடு விலையாக இருந்தால் அதில் கால் பங்கை உலர் சாம்பலாக மாற்றிப் பாருங்கள். 7 நாள் பலம் குறையும், 90 நாளில் ஓரளவு ஈடுகட்டும். ஆட்கள் சீக்கிரம் மேலே நடக்க வேண்டும் என்றால் பைண்டரில் 5 சதவீதம் சிமென்ட் சேர்க்கலாம்.

இனி ஒரு கன மீட்டர் நிரப்பு. பைண்டர் 80 கிலோ, கல்தூள் 750, குளத்துச் சாம்பல் 500, தண்ணீர் 445 லிட்டர். திடப்பொருளில் பைண்டர் சுமார் 6 சதவீதம். மொத்த எடையில் திடப்பொருள் 75 சதவீதம். பைண்டருக்குள் கசடு 60, ஜிப்சம் 12, சுண்ணாம்பு 8. லோடை யூனிட்டில் கணக்குப் போடுபவர்களுக்கு: ஒரு யூனிட் 2.83 கன மீட்டர். ஒரு யூனிட் குழிக்கு 226 கிலோ பைண்டர் ஆகும்.

மேலே சொன்ன எடைகள் எல்லாம் உலர் எடை. குளத்துச் சாம்பல் ஒருபோதும் உலர்ந்து வராது. அதில் 25 சதவீத ஈரம் இருந்தால் 500 கிலோவுக்கு 625 கிலோ அள்ள வேண்டும், கூட வந்த 125 லிட்டரைக் கழித்து 320 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். கல்தூளில் 4 சதவீத ஈரம் இருந்தால் இன்னும் 30 லிட்டர் போகும். தளத்தில் ஒரு தோசைக்கல்லும் கேஸ் அடுப்பும் தராசும் வைத்துத் தினமும் காலையில் ஈரம் பாருங்கள்.

கலவைக்குச் சாதாரணக் கிணற்றுத் தண்ணீர் போதும். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் சும்மா கிடைக்கிறதே என்று எடுக்கக்கூடாது. மாவுச்சத்தும் புளிப்பும் இறுகுதலை நாள்கணக்கில் தள்ளிப்போடும். சர்க்கரை ஆலைக் கழிவுநீரும் அப்படித்தான்.

6. சோதனை

உங்கள் சரக்கில், உங்கள் தண்ணீரில் செய்யாத கலவைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சுண்ணாம்பு 5, 10, 15. ஜிப்சம் 10, 15, 20. ஆக ஒன்பது கலவை. ஒவ்வொன்றுக்கும் 7, 28, 56, 90 நாளுக்கு மூன்று மூன்று கியூப். 108 கியூப் போட வேண்டும். சலிப்பான வேலைதான். 28 நாளோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சாம்பல் கலவைக்கு அது அநியாயம், அப்போதுதான் அது விழிக்கவே ஆரம்பிக்கிறது.

70.6 மில்லிமீட்டர் கியூப் போதும். தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைக்காதீர்கள், குழிக்குள் அப்படி ஒரு நிலை இருக்காது. பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி நிழலில் வையுங்கள். நசுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். 0.3 மெகாபாஸ்கல் என்றால் அந்தக் கியூப் சுமார் 150 கிலோ எடையில் உடைந்துவிடும். கான்கிரீட் ஆய்வகத்து 2000 கிலோநியூட்டன் இயந்திரத்தில் முள் அசைவதற்குள் கியூப் தூளாகியிருக்கும். மண் சோதிக்கும் சிறிய லோடு ஃபிரேம் உள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஓட்டத்தைத் தளத்திலேயே பார்க்கலாம். 75 மில்லிமீட்டர் விட்டம், 150 உயரத்தில் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, தகட்டின்மேல் நிறுத்தி, கலவையை நிரப்பி நேராகத் தூக்குங்கள். பரவிய வட்டம் 200 மில்லிமீட்டராவது வர வேண்டும். இட்லி மாவுப் பதம் என்றால் ஆட்களுக்கு உடனே புரிந்துவிடும். ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் தூள் போதவில்லை, தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று பொருள். குழாயில் பம்ப் செய்யப் போகிறீர்கள் என்றால் திடப்பொருளில் 15 சதவீதமாவது 20 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையேல் அடைத்துக்கொள்ளும்.

கசிவுச் சோதனையில் கஞ்சத்தனம் வேண்டாம். 90 நாள் கியூபை உடைத்து, பத்து மடங்கு தண்ணீரில் ஒரு நாள் குலுக்கி, வடிகட்டிய நீரைப் பாருங்கள். காரத்தன்மையுள்ள கலவை ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்றவற்றைப் பெரும்பாலும் பூட்டிவைக்கும். ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம், ஆர்சனிக், செலினியம், மாலிப்டினம் ஆகியவை காரநீரில் தாராளமாக நகரும். "சிமென்ட்டுல கட்டிட்டா எல்லாம் உள்ள நிக்குமுங்க" என்று சொல்லிச் சரக்கு விற்பவரிடம் இந்த நான்கின் அறிக்கையையும் கேளுங்கள். நிலத்துக்கடியில் கழிவைப் புதைக்கலாமா என்பதற்கு அசிட்டிக் அமிலம் சேர்க்கும் டி.சி.எல்.பி. சோதனையை மட்டும் காட்டுவார்கள். அது நகராட்சிக் குப்பைமேட்டுச் சூழலுக்கானது. நம் குழிக்குச் சாதாரணத் தண்ணீர்ச் சோதனை இன்னும் பொருத்தம். இரண்டையும் செய்யுங்கள்.

7. ஊற்றுவது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் தொடங்கி, கோடைமழைக்கு முன் முடிக்கப் பாருங்கள். குழியின் அடித்தண்ணீரை இறைத்து, தளர்ந்த கல்லையும் குப்பையையும் ஹிட்டாச்சியால் எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும் உச்சமட்டத்துக்கு ஒரு மீட்டர் மேல்வரை சுத்தமான கற்களாலேயே நிரப்பி, அதன்மேல்தான் பைண்டர் கலவையைத் தொடங்குவது என் வழக்கம். செலவு கூடும், கல் கேட்கும். ஆனால் சாம்பல் வருடம் முழுக்கத் தண்ணீரில் ஊறாது.

பேன் மிக்சரில் முதலில் கல்தூள், சாம்பல், பாதித் தண்ணீர், பிறகு பைண்டர், கடைசியில் மீதித் தண்ணீர். மூன்று நான்கு நிமிடம் ஓடட்டும். மில்லர் என்கிற சாதாரணக் கான்கிரீட் மிக்சரில் போட்டால் குளத்துச் சாம்பல் உருண்டை கட்டும். ஆர்.எம்.சி. (ரெடிமிக்ஸ்) வண்டியில் கொண்டுவருவது இன்னும் நல்லது.

அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் அடுக்காக ஊற்றுங்கள். முந்தைய அடுக்கில் ஆள் நடந்தால் செருப்புத் தடம் மட்டும் பதியும் நிலை வந்தபின் அடுத்தது. சல்பேட் கசடுக் கலவையின் மேற்பரப்பு காற்றில் காய்ந்தால் மாவாகப் பொடியும். கோணிச் சாக்கோ பாலித்தீனோ போட்டு ஈரம் காக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆடிக்காற்றில் இந்தப் பொடிதான் பெரிய வழக்கைக் கொண்டுவரும்.

நிலத்தடியில் ஊற்றுபவர்களுக்குத் தடுப்புச் சுவர்தான் உயிர். இறுகாத கலவை தண்ணீரைப் போலவே அழுத்தும், அதைவிட 1.78 மடங்கு கனம். 5 மீட்டர் உயரம் ஊற்றினால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9 டன். செங்கல் சுவர் நிற்காது. வெளிநாட்டுச் சுரங்கங்களில் இப்படித் தடுப்பு உடைந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். முதலில் தடுப்பின் உயரத்துக்கு மேல் சற்று ஊற்றி நிறுத்தி, ஒரு வாரம் இறுகவிட்டு, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். தடுப்பில் வடிகுழாய் வைக்க மறக்கக்கூடாது. குழாய் கழுவிய தண்ணீரையும் அறைக்குள் விடாமல் வெளியே திருப்புங்கள்; அந்தத் தண்ணீர்தான் கலவையை நீர்த்துப்போகச் செய்யும்.

ஆட்களுக்குக் கம்பூட், ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்புக் காரம் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

8. மூடியபின்

மேல் அடுக்கை நடுவில் உயர்த்தி ஓரமாகச் சரிவு கொடுங்கள், மழைநீர் தேங்காது. அதன்மேல் களிமண் கலந்த செம்மண் அரை மீட்டராவது வேண்டும். 90 நாள் கழித்து இரண்டு மூன்று இடத்தில் துளைத்து உருளைத் துண்டு (கோர்) எடுத்துப் பாருங்கள். தளத்துப் பலம் ஆய்வகப் பலத்தைவிடக் குறைவாக வருவது சகஜம், பாதிக்குக் கீழே போனால் ஈரக் கணக்கு தவறியிருக்கிறது.

முதலில் தண்ணீர் எடுத்த அதே கிணறுகளில் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதியுங்கள். முதலில் ஏறுவது சல்பேட்டாகத்தான் இருக்கும். அது ஏறினால் மற்றவற்றையும் அடிக்கடி பாருங்கள்.

குழியின் எல்லை, ஆழம், என்னென்ன சரக்கு எவ்வளவு போட்டோம் என்ற வரைபடத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள், ஊராட்சியிலும் ஒரு நகல் கொடுங்கள். பத்து வருடம் கழித்து நிலம் கைமாறும், புதிதாக வந்தவர் அங்கேயே போர் போட வண்டியைக் கூப்பிடுவார். நிரப்பைத் துளைத்துக்கொண்டு அடிப்பாறைக்குள் இறங்கும் அந்தப் போர், மேலிருந்து கீழே கசிவுநீர் போக நேர்வழியாகிவிடும். வேறு இடம் இல்லையென்றால், கேசிங் பைப்பை நிரப்பின் அடி தாண்டிப் பாறைக்குள் மூன்று மீட்டராவது இறக்கி, சுற்றி சிமென்ட் கிரவுட் விட்டு அடைக்கச் சொல்லி அந்த வரைபடத்திலேயே எழுதிவையுங்கள்.